ஐம்பது வயதில் கிடைத்த விளக்கம்

2007ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெரியவர்களின் மனநலம் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. வீடு வீடாகப் போய் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார்கள். மனச்சோர்வு, பதற்றம், குடிப்பழக்கம் என்று வழக்கமாகக் கேட்பவற்றோடு அந்த முறை ஆட்டிசத்தையும் சேர்த்திருந்தார்கள். முதலில் எல்லாருக்கும் ஒரு சிறு கேள்வித்தாள். பிறகு அவர்களில் சிலரைத் தேர்ந்து, பயிற்சி பெற்றவர்கள் நேரில் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசிப் பார்த்தார்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் டெரி புருகாவின் குழு 2011இல் முடிவை வெளியிட்டது. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஆட்டிச நிலையாளர். குழந்தைகளிடம் அப்போது காணப்பட்ட விகிதமும் அதுதான் என்பதால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியம் வேறோர் இடத்தில் இருந்தது. அந்தக் கணக்கெடுப்பில் ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட அது அதுவரை தெரிந்திருக்கவில்லை.

ஆட்டிசம் நாற்பது வயதில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. கருவில் மூளை உருவாகிற காலத்திலேயே அதன் தொடக்கம் இருக்கிறது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோதே, ஒரு கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. 2019இல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த இருபது லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்துச் செய்த கணக்கு, ஆட்டிசம் ஒருவருக்கு வருவதும் வராததுமான வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காட்டைப் பரம்பரையில் கண்டது. பிறவியிலேயே கூடவந்த ஒன்று, பள்ளி, கல்லூரி, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் தாண்டி, அதைச் சுமப்பவருக்கே தெரியாமல் அரை நூற்றாண்டு ஒளிந்திருக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. அதற்கு முதல் காரணம் மருத்துவம்தான். பால்டிமோரில் இருந்த லியோ கன்னர் 1943இல் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே ஆட்டிசத்தின் மருத்துவ வரலாற்றைப் பொதுவாகத் தொடங்குகிறார்கள். மாஸ்கோவில் குருன்யா சுகரேவா அதற்கு முன்பே, 1920களில், ஏறக்குறைய இதே இயல்புகள் கொண்ட சிறுவர்களைப் பற்றி நுட்பமாக எழுதியிருந்தார். அதை நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. கன்னருடைய பட்டியலின் முதல் சிறுவன் டொனால்ட் டிரிப்லெட் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அவர் வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், உலகம் சுற்றினார், 2023இல் 89 வயதில் இறந்தார். முதல் குழந்தையே இப்படி முழு வாழ்வு வாழ்ந்துகொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும், ஆட்டிசம் என்றால் பேசாத, திரும்பிப் பார்க்காத சிறு குழந்தை என்ற சித்திரமே மருத்துவர்களின் மனதில் இருந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதை முதல்முறையாகத் தனி நோயறிதலாகச் சேர்த்தபோது வைத்த பெயர் 'குழந்தைப் பருவ ஆட்டிசம்'. இரண்டரை வயதுக்குள் அறிகுறி தெரிய வேண்டும் என்பது விதி.

அந்தக் குறுகிய வாசலை அகலப்படுத்தியவர் லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங். அவர் மகள் சூசி ஆட்டிச நிலையாளர். விங்கும் ஜூடித் கூல்டும் தெற்கு லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட முடிவு, கன்னரின் வரையறைக்குள் அடங்குபவர்கள் சிலரே, அதே இயல்புகளை வெவ்வேறு அளவில் கொண்டவர்கள் அதைவிடப் பல மடங்கு என்று காட்டியது. 1981இல் விங் எழுதிய இன்னொரு கட்டுரை, சரளமாகப் பேசக்கூடிய, படிப்பில் கெட்டிக்காரராகவும் இருக்கக்கூடிய ஆட்டிச நிலையாளர்களை மருத்துவ உலகின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. அதற்கு 'ஆஸ்பெர்கர்' என்ற தனிப் பெயர் 1994இல் கையேட்டில் ஏறியது. 2013இல் அந்தத் தனிப் பெயரும் போய், எல்லாமே ஆட்டிச நிறமாலைக்குள் வந்தன.

இந்த ஆண்டுகளை அடுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. 1961இல் பிரிட்டனில் பிறந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் படித்த காலம் முழுவதும் அந்தக் குழந்தைக்குப் பொருந்தும் சொல் எந்த மருத்துவரிடமும் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் பிறந்தவர் பாடகி சூசன் பாயில், மே மாதம் பிறந்தவர் இயற்கை ஆர்வலரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான கிறிஸ் பாக்கம்.

2009 ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் ஒளிபரப்பான, பாயில் மேடையேறிப் பாடிய காட்சியைத் தமிழர்களிலும் நிறையப் பேர் இணையத்தில் பார்த்திருப்பார்கள். ஸ்காட்லாந்தின் ஒரு சிற்றூரிலிருந்து வந்த 47 வயதுப் பெண்ணைப் பார்த்து அரங்கம் முதலில் சிரித்தது. பாடத் தொடங்கிய சில நொடிகளில் எழுந்து நின்றது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மூளை பாதித்துவிட்டது என்று சிறு வயதில் அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். பள்ளியில் கேலிக்கு ஆளானார். வாழ்நாள் முழுவதும் அந்த முத்திரையோடு இருந்தவருக்கு, ஐம்பதைத் தாண்டியபின் ஒரு நிபுணர் ஆஸ்பெர்கர் என்று சொன்னார். அறிவுத்திறன் சராசரிக்கு மேல் என்றும் தெரிந்தது. 2013 டிசம்பரில் ஒரு செய்தித்தாள் பேட்டியில் இதை வெளியே சொன்னபோது அவர் பேசியது பெரும்பாலும் நிம்மதியைப் பற்றி. தவறான முத்திரை போய், தான் யார் என்பது இப்போது விளங்குகிறது, இனி மற்றவர்களும் புரிந்து நடப்பார்கள் என்று அவர் நம்பினார்.

பாக்கத்தின் கதை வேறு. பதினான்கு வயதில் அவர் கெஸ்ட்ரல் என்ற சிறு வேட்டைப் பறவை ஒன்றைக் குஞ்சிலிருந்து வளர்த்தார். மனிதர்கள் யாரோடும் ஒட்ட முடியாத அந்தப் பையனுக்கு அதுதான் உலகம். சில மாதங்களில் அது இறந்துபோனபோது ஏற்பட்ட துயரத்தை நாற்பது ஆண்டுகள் கழித்துத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். நாற்பதுகளின் நடுவில் அவருக்கு ஆஸ்பெர்கர் என்று கண்டறியப்பட்டது. அதற்குள் அவர் தேசமறிந்த தொகுப்பாளர். கேமராவுக்கு முன் கலகலப்பாகப் பேசும் ஒருவர் எப்படி ஆட்டிச நிலையாளராக இருக்க முடியும் என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இரண்டாவது காரணம் இருக்கிறது. ஆட்டிசத்தை மறைப்பதில் மிகத் தேர்ந்தவர்கள் ஆட்டிச நிலையாளர்களே. மற்றவர்களுக்குத் தானாக வருவதை அவர்கள் பார்த்துப் பார்த்துப் படித்து, மனப்பாடம் செய்து, நடித்துக் காட்டுகிறார்கள். பேசும்போது எத்தனை நொடி கண்ணைப் பார்க்க வேண்டும், எப்போது பார்வையை விலக்க வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், "எப்படி இருக்கீங்க" என்று ஒருவர் கேட்டால் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது வரை எல்லாம் அவர்களுக்குக் கணக்கு. தொலைபேசியில் பேசுவதற்கு முன் என்ன பேசுவது என்று எழுதிவைத்துக்கொள்வார்கள். பதற்றத்தில் ஆடத் துடிக்கும் கைகளைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். 2017இல் லாரா ஹல் முதலானோர் லண்டனில் செய்த ஆய்வு இந்த மறைப்பை முறையாக விவரித்தது. இதற்கென்று ஓர் அளவுகோலும் பின்னர் வந்தது. அறிகுறிகள் சிறு வயதிலேயே இருக்க வேண்டும், ஆனால் கற்றுக்கொண்ட உத்திகளால் அவை மறைந்திருக்கலாம் என்று 2013 கையேடும் ஏற்றுக்கொண்டது.

பெண்களிடம் இது இன்னும் ஆழமாக ஓடுகிறது. ஆண்கள் நால்வருக்குப் பெண் ஒருவர் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். மருத்துவமனைப் பதிவுகளை நம்பாமல் ஆராய்ச்சியாளர்களே மக்களிடையே நேரில் போய்த் தேடிய ஆய்வுகளைத் தொகுத்தபோது விகிதம் மூன்றுக்கு ஒன்றை நெருங்கியது. விட்டுப்போன பெண்கள் எங்கே இருந்தார்கள்? கூச்ச சுபாவம் என்றும், மனச்சோர்வு என்றும், உணவு மறுப்பு நோய் என்றும் எழுதப்பட்ட கோப்புகளுக்குள் இருந்தார்கள். அடக்கமான பெண் என்று பாராட்டப்பட்டு யாரும் இரண்டாம் முறை பார்க்காமல் விட்டவர்களும் உண்டு.

இந்த மறைப்புக்கு விலை இருக்கிறது. நாள் முழுவதும் அலுவலகத்தில் சரியாக நடந்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் பேசக்கூட முடியாமல் இருட்டறையில் படுத்துக்கிடப்பவர்களை எல்லாரும் சோம்பேறி என்பார்கள். மாதக்கணக்கில் நீளும் இந்த ஓய்ந்துபோதலை அமெரிக்காவின் போர்ட்லாந்தில் டோரா ரேமேக்கர் 2020இல் ஆட்டிச நிலையாளர்களின் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்தார். தீராத களைப்பு, ஏற்கெனவே கைவந்த திறன்கள்கூடக் கைவிட்டுப் போவது, சத்தமும் வெளிச்சமும் முன்னைவிடத் தாங்க முடியாமல் ஆவது என்று அவர்கள் சொன்னார்கள். இதைவிடக் கவலைக்குரியது 2014இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. வளர்ந்தபின் ஆஸ்பெர்கர் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் இருவர் வாழ்வில் எப்போதாவது தற்கொலையை எண்ணியவர்கள். தாமதமான நோயறிதலை வெறும் ஆர்வத்துக்குரிய செய்தியாக நான் பார்க்காததற்கு இந்த எண்தான் காரணம்.

சரி, அந்தக் களைப்பு எங்கிருந்து வருகிறது? மறைப்பு ஒரு பகுதி. மூளையும் புலன்களும் வேலை செய்யும் விதம் இன்னொரு பகுதி. மின்விசிறி ஓடும் அறைக்குள் நீங்கள் நுழைகிறீர்கள். முதல் நிமிடம் சத்தம் கேட்கிறது, பிறகு கேட்பதில்லை. காது மாறவில்லை. இது பழைய சங்கதி என்று மூளை ஒதுக்கிவிட்டது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஷுலமைட் கிரீன் குழு, இளம் ஆட்டிச நிலையாளர்களுக்கு இரைச்சலையும் சொரசொரப்பான துணியின் உராய்வையும் திரும்பத் திரும்பக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தது. ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற பகுதி மற்றவர்களிடம் நேரம் போகப்போக அடங்கியது. புலன் கூச்சம் மிகுந்த ஆட்டிச நிலையாளர்களிடம் அது அடங்கவில்லை. அடுத்தடுத்த முறைகளிலும் ஏறக்குறைய முதல் முறைபோலவே. சட்டைக் கழுத்துப்பட்டையில் குத்தும் லேபிள், சிமிட்டும் குழல்விளக்கு, பக்கத்து மேசைக்காரர் மெல்லும் ஓசை எல்லாம் மாலை வரை புத்தம் புதிதாக வந்துகொண்டே இருந்தால் ஒருவருக்கு என்ன மிஞ்சும்?

கவனத்தைப் பற்றியும் ஓர் அழகான கருத்து இருக்கிறது. டைனா மர்ரே, மைக் லெசர், வென் லாசன் மூவரும் 2005இல் எழுதியது. பெரும்பாலோரின் கவனம் ஒரே நேரத்தில் பல திசைகளில் மெல்லியதாகப் பரவுகிறது. ஆட்டிச நிலையாளரின் கவனம் ஓரிரண்டு இடங்களில் மொத்தமாகப் பாய்கிறது. பாய்ந்த இடத்தில் ஆழமும் இன்பமும் உண்டு. அங்கிருந்து சட்டென்று பிடுங்கினால் வலிக்கும். பாக்கத்தின் பறவைகளும் இங்கே சேரும், வேலை நடுவில் கூப்பிட்டால் எரிந்துவிழும் மனிதரும் இங்கே சேருவார்.

மற்றவர்களின் மனதைப் படிக்கத் தெரியாதவர்கள் என்ற பழைய குற்றச்சாட்டைத் திருப்பிக் கேட்டவர் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர். அவரும் வளர்ந்தபின் கண்டறியப்பட்டவர். ஆட்டிச நிலையாளரின் மனதை மற்றவர்களால் படிக்க முடிகிறதா என்று 2012இல் கேட்டார். புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்பது அவர் வாதம். எடின்பரோவில் கேத்தரின் குரோம்டன் இதைச் சோதித்தார். எட்டுப் பேர் வரிசையில் ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். எட்டுப் பேரும் ஆட்டிச நிலையாளர்களாக இருந்த வரிசையில் கதை நன்றாகவே கடந்துபோனது. ஒருவரும் ஆட்டிச நிலையாளராக இல்லாத வரிசையிலும் அப்படியே. இரு வகையினரும் மாறி மாறி நின்ற வரிசையில்தான் கதை வேகமாகத் தேய்ந்தது. 2020இல் வந்த இந்த முடிவைப் படித்தபோது, எத்தனை ஆயிரம் பேர் தங்களையே குறைசொல்லிக்கொண்டு வாழ்ந்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இப்போது நோயறிதல் நடக்கும் அறைக்கு வருவோம். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதற்குக் கிடையாது. நிபுணர் மணிக்கணக்கில் பேசுவார், குழந்தைப் பருவத்தைக் கேட்பார், முடிந்தால் அம்மாவையோ அண்ணன் அக்காவையோ விசாரிப்பார், பள்ளி அறிக்கைகளைப் பார்ப்பார். கடைசியில் ஆம் என்கிறார். வெளியே வரும் மனிதருக்கு உடம்பிலோ திறமையிலோ எந்த மாற்றமும் இல்லை. மாறியிருப்பது அவருடைய கடந்தகாலம்.

இது உயர்வு நவிற்சி இல்லை. நினைவு என்பது பெட்டியிலிருந்து எடுக்கப்படும் புகைப்படம் அல்ல, ஒவ்வொரு முறையும் நமக்குத் தெரிந்த விளக்கங்களைக் கொண்டு புதிதாகக் கட்டப்படுவது என்று கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே காட்டினார். அதுவரை அந்த மனிதர் தன் நினைவுகளைக் கட்டியது 'நான் திமிர் பிடித்தவன்', 'எனக்கு யாரையும் பிடிக்காது', 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற விளக்கங்களைக் கொண்டு. அவையெல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போகின்றன. எட்டாம் வகுப்பில் வாத்தியாரிடம் வாங்கிய அடி, முறிந்த நட்பு, காரணம் தெரியாமல் விட்ட வேலை, உறவினர் வீட்டு விசேஷத்தில் பாதியில் எழுந்து போனதற்காக வருடக்கணக்கில் கேட்ட பேச்சு என ஒவ்வொன்றாக எழுந்து வந்து தன்னை மறுபடி பார்க்கச் சொல்கிறது. நள்ளிரவிலும், குளிக்கும்போதும், பேருந்தில் போகும்போதும் வரும். பலருக்கு இது மாதக்கணக்கில் ஓடுகிறது.

பெரும்பாலும் முதலில் வருவது நிம்மதி. அதன் பின்னாலேயே துக்கம் வரும், சேர்ந்தும் வரும். இருபது வயதில் தெரிந்திருந்தால் எப்படி வாழ்ந்திருப்பேன் என்ற துக்கம் அது. அதற்கு ஆறுதல் சொல்லி மூடிவிடக் கூடாது. உண்மையாகவே இழந்த ஒன்றுக்கான துக்கம், அதற்குரிய காலத்தை அது எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோபமும் உண்டு. பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் மனச்சோர்வுக்கு மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்தார்களே என்ற கோபம். பிறகு சந்தேகம். இத்தனை நாள் சமாளித்தேனே, நிஜமாகவே எனக்கு இருக்கிறதா, நிபுணரையும் ஏமாற்றிவிட்டேனா? வாழ்நாள் முழுவதும் நடித்துப் பழகியவருக்கு, எது நடிப்பு எது நான் என்று பிரித்தறிவது சுலபமாக இருக்காது.

அனுசரித்துப்போவது என்ற வேலை இங்கிருந்து தொடங்குகிறது. பார்க்கச் சின்னச் சின்னக் காரியங்கள். கூட்டமான கடைக்குக் காதடைப்பான் போட்டுக்கொண்டு போவது. ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் மறுநாளைக் காலியாக வைப்பது. வேலையைப் பற்றிய உத்தரவை வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் கேட்பது. கைகளை ஆட விடுவது. கண்ணைப் பார்க்காமல் பேசி, அதற்கு மன்னிப்புக் கேட்காமல் இருப்பது. முகமூடியை ஒரே நாளில் கழற்றிவிட முடியாது, எல்லா இடத்திலும் கழற்றுவது பாதுகாப்பும் இல்லை. யாரிடம், எவ்வளவு என்று ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டும். கேட் கார்டன் முதலானோர் 2021இல் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், நோயறிதலுக்குப் பின் எத்தனை காலம் கடந்திருக்கிறதோ அந்த அளவுக்குத் தன் ஆட்டிச இயல்புகள்மீது ஒருவருக்கு இருக்கும் அதிருப்தி குறைந்திருந்தது. காலம் தேவைப்படுகிறது, காலம் உதவுகிறது. பாக்கம் 2017இல் தன் ஆட்டிசம் பற்றி எடுத்த தொலைக்காட்சிப் படத்தில், இதை நீக்கும் வழி இருந்தால் ஏற்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, மாட்டேன் என்ற முடிவுக்கு வந்தார். இளமையில் தனிமையால் அவ்வளவு அல்லல்பட்டவர் சொன்ன முடிவு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். பேச்சே வராத, இரவுபகலாகத் துணை தேவைப்படும் ஆட்டிச நிலையாளர்களின் குடும்பங்கள் வேறு பதில் சொல்லலாம். அதற்கும் அதே மதிப்பு உண்டு.

வீட்டில் இருக்கும் வயதான தாயை இந்த நேரத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐம்பது வயது மகள் வந்து "எனக்கு ஆட்டிசமாம்" என்றால், அந்தத் தாய்க்கு அது தன்மேல் வைக்கப்பட்ட பழியாகக் கேட்கும். 1950, 60களில் மருத்துவ உலகம் அப்படித்தான் பேசியது. தாயின் பாசக் குறைவே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் புத்தகமே எழுதினார். ஆட்டிச நிலையாளரான மகனின் தந்தை, உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இது உயிரியல் சார்ந்தது என்று எழுதியிருந்தார். பழியைச் சுமத்தியது தவறு என்று இன்று ஐயமின்றித் தெரியும். அதை அந்தத் தாயிடம் சொல்லுங்கள். பரம்பரையின் பங்கு பெரிது என்பதால் இன்னொன்றும் நடக்கிறது. பேரனுக்கு நோயறிதல் நடக்கும்போது, அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அப்பாவோ அம்மாவோ தன்னையே அதில் அடையாளம் கண்டுகொள்கிறார். வளர்ந்தபின் கண்டறியப்படுபவர்களில் கணிசமானவர்கள் இந்த வழியாக வந்தவர்கள்.

இந்தியாவில் இன்று நாற்பதைக் கடந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் குறைவாக இருந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக முழு உரிமையோடு இடம்பெற்றது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அதனால் பள்ளிப் பதிவேட்டிலோ மருத்துவக் கோப்பிலோ அந்தச் சொல் எழுதப்படாமலே வளர்ந்த ஒரு தலைமுறை நம்மிடையே இருக்கிறது.

படித்துக்கொண்டு வரும்போது உங்களையோ உங்கள் வீட்டில் ஒருவரையோ இதில் கண்டிருந்தால், இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாளோடு நிறுத்த வேண்டாம். கேம்பிரிட்ஜில் 2001இல் உருவான ஐம்பது கேள்விப் பட்டியல் பரவலாகக் கிடைக்கிறது, ஆனால் அது நோயறிதல் ஆகாது. கவனச் சிதறல் நிலை, சமூகப் பதற்றம், பழைய மனக்காயம் எல்லாமே இதைப்போலத் தோன்றலாம், கூடவும் இருக்கலாம். பெரியவர்களின் ஆட்டிசத்தில் அனுபவமுள்ள மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். பழைய பள்ளி அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, உங்களைச் சிறு வயதிலிருந்து அறிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் ஒரு நாள் வந்து தனக்கு இப்படிக் கண்டறிந்திருக்கிறார்கள் என்று சொன்னால், "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படித் தெரியாமல் இருப்பதற்காகத்தான் அவர் இத்தனை ஆண்டும் பாடுபட்டார். எந்தச் சத்தம் தொந்தரவு, எந்தச் சூழல் கஷ்டம், நாம் எதை மாற்றிக்கொள்ளலாம் என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகலாம், அதுவரை காத்திருங்கள்.